இணைய அரசுச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பும் தனியுரிமையும்

இணைய அரசுச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பு என்பது, சான்றிதழ், உதவித்தொகை, பதிவேட்டு நகல் போன்றவற்றை இணையம் வழியாகக் கேட்பவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்பதை அரசு உறுதி செய்துகொள்ளும் முறையாகும். தனியுரிமை என்பது, தம்மைப் பற்றிய விபரங்களை யார், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதில் ஒருவருக்குள்ள உரிமையாகும். இவ்விரண்டும் எப்போதும் ஒன்றையொன்று எதிர்ப்பவை அல்ல. ஒருவருடைய பெயரில் வேறொருவர் ஓய்வூதியம் பெறாமல் தடுப்பதும் அவருடைய உரிமையைக் காப்பதே. ஆனால் சரிபார்ப்பதற்கெனத் திரட்டிய விபரம் கசியும்போதும், சரிபார்ப்பு தவறி உரியவரே வெறுங்கையுடன் திரும்பும்போதும் இரண்டுக்கும் இடையே முரண் எழுகிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் இச்சிக்கல் எழும் விதத்தைத் திருநெல்வேலியையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. பீடி சுற்றுவோர், பாய் முடைவோர், நஞ்சை நிலத்தை ஊரில் விட்டு வெளியூரில் வாழ்வோர் எனப் பலதரப்பட்டோர் வாழும் பகுதி இது. ஆகையால், அனைவருக்கும் பொருந்தும் என்று எண்ணி வகுக்கப்பட்ட சரிபார்ப்பு முறைகள் எங்கெங்கே பொருந்தாமல் போகின்றன என்பதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

சொற்களும் வேறுபாடுகளும்

மூன்று வெவ்வேறு செயல்கள் பேச்சு வழக்கில் ஒன்றாகக் கலந்து வழங்குகின்றன. ஒருவர் யார் என்று கண்டறிவது ஒன்று. தாம் இன்னார் என்று அவர் சொல்வது மெய்யா என்று பார்ப்பது இரண்டாவது. கேட்பதைப் பெற அவருக்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்வது மூன்றாவது. நியாயவிலைக் கடையில் விரல் வைப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வைத்த ரேகை, அந்தக் குடும்ப அட்டையில் உள்ள ஓர் உறுப்பினரின் ரேகையோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. ஆதார் எண்ணுக்குப் புதிதாகப் பதிவு செய்யும்போது நிகழ்வது முதல் வகை. அங்கே ஒருவருடைய ரேகையும் கருவிழியும் ஏற்கனவே பதிவான அனைவருடையவற்றோடும் ஒப்பிடப்படுகின்றன.

பல சேவைகளுக்கு மூன்றாவது செயல் மட்டுமே போதுமானது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். நடத்துநர் பயணியின் பெயரைக் கேட்பதில்லை. எண் எதையும் குறித்துக்கொள்வதில்லை. பயணி பெண் என்பது தெரிந்தால் போதும், சீட்டுக் கிடைத்துவிடும். யார் எங்கே போனார் என்ற பதிவு எந்த வழங்கியிலும் எஞ்சுவதில்லை. அடையாளம் கேட்காமலேயே ஒரு பெருந்திட்டத்தை நடத்த இயலும் என்பதற்கு இது அன்றாடச் சான்று.

உயிரியளவைச் சரிபார்ப்பில் இருவகைப் பிழைகள் நேரும். வேறொருவரை உரியவராக ஏற்பது தவறான ஏற்பு எனவும், உரியவரையே மறுப்பது தவறான மறுப்பு எனவும் அழைக்கப்படும். இரு ரேகைகளும் எந்த அளவு ஒத்திருந்தால் ஏற்பது என்ற எல்லையை உயர்த்தினால் முதற்பிழை குறைந்து இரண்டாவது கூடும், தாழ்த்தினால் மறுதலையாகும். இரண்டையும் ஒருசேரச் சுழியாக்கும் கருவி இல்லை. எனவே எல்லையை எங்கே வைப்பது என்பது பொறியியல் முடிவு மட்டுமன்று. பிழையின் சுமையை யார் மீது ஏற்றுவது என்ற முடிவும் ஆகும்.

கைநாட்டு முதல் கருவிழி வரை

அரசுப் பணியில் கைரேகையைப் பயன்படுத்தும் வழக்கம் உலகில் முதன்முதலாக வேரூன்றிய இடங்களுள் இந்தியா ஒன்று. வங்காளத்தில் அதிகாரியாக இருந்த வில்லியம் எர்செல் 1858 இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துடன் கைப்பதிவையும் வாங்கினார். 1877 இல் ஊக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் ரேகை பெறத் தொடங்கினார். இறந்த ஓய்வூதியரின் பெயரில் பிறர் பணம் வாங்குவதைத் தடுப்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. 1897 இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் அக், ஏமச்சந்திர போசு ஆகிய இந்தியர்களின் பங்கு பெரிது. ஆயினும் அம்முறை நெடுங்காலம் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு என்றியின் பெயராலேயே வழங்கியது.

சிற்றூர்களில் அடையாளத்துக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது: அறிந்தவர் சொல். கிராம மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் ஊராரை முகம் பார்த்தே அறிந்திருந்தனர். இப்பரம்பரைப் பதவிகள் தமிழ்நாட்டில் 1980 இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்கள் ஏற்பட்டன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிக் கொடுப்பவரை இன்னார் என்று அடையாளம் காட்டிக் கையொப்பமிடும் சாட்சிகள் இந்தப் பழைய முறையின் தொடர்ச்சியே. இம்முறையில் எந்தத் தரவுத்தளமும் இல்லை. கசிவதற்கும் எதுவும் இல்லை. ஆனால் அறிந்தவரின் சாதிச் சார்பும் பகையும் கையூட்டும் அதில் புகுந்துகொள்ள இடமிருந்தது. ஊருக்குப் புதியவருக்கும் சேரியில் வாழ்ந்தவருக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. இதனையும் கணக்கில் கொள்ளாமல் பழைய முறையைப் புகழ்வது முழுமையாகாது.

2001 இல் பதிவுச் சட்டத்தில் 32-அ பிரிவு சேர்க்கப்பட்டு, பத்திரத்தில் ஒளிப்படமும் கைரேகையும் ஒட்ட வேண்டும் என்றானது. இவ்விதியின் எதிர்பாராத விளைவு ஒன்று கீழே கூறப்படுகிறது.

ஆதார்

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2009 சனவரியில் அமைக்கப்பட்டது. நந்தன் நிலெக்கணி அதன் முதல் தலைவர். முதலாவது ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது. பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி ஆகியவற்றுடன் ஒளிப்படம், பத்து விரல் ரேகைகள், இரு கருவிழிகள் பதிவாகின்றன. தமிழ்நாட்டில் தொடக்க காலப் பதிவின் பெரும்பகுதி தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணியுடன் இணைந்து நடைபெற்றது.

ஆதார் எண் 12 இலக்கங்கள் கொண்டது. அது எழுமாற்றாக வழங்கப்படுவதால், எண்ணைப் பார்த்து ஒருவருடைய ஊர், அகவை, சாதி எதனையும் ஊகிக்க இயலாது. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அந்த எண்ணின் முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று பிறந்த நாளையும் குறிக்கும். பெண்களுக்கு அம்மூன்றிலக்க எண்ணுடன் 500 கூட்டப்படும். எண்ணைச் சொல்வதே அகவையையும் பாலினத்தையும் சொல்வதாகிவிடுகிறது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டி நின்ற ஈழத்தமிழருக்கு, அடையாள ஆவணம் என்பது சேவை பெறும் கருவி மட்டுமன்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆதாரின் கடைசி இலக்கம் வெரோப் முறையில் கணிக்கப்படும் சரிபார்ப்பு இலக்கம். தட்டச்சும்போது ஓர் இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலோ இது காட்டிக்கொடுக்கும். எண் 0 அல்லது 1 இல் தொடங்காது. எனவே இயலக்கூடிய எண்கள் மொத்தம் ஏறத்தாழ 8,000 கோடி மட்டுமே. மனிதருக்கு இது பெருந்தொகை, கணினிக்குச் சிறுதொகை. ஆதார் எண்ணைச் சாதாரண ஒருவழிச் சார்பில் இட்டுப் பெற்ற மதிப்பைச் சேமித்துவிட்டு, எண்ணை மறைத்துவிட்டதாக ஒரு துறை கருதினால் அது ஏமாற்றமே. எல்லா எண்களையும் அதே சார்பில் இட்டுப் பார்த்து, மறைந்ததைச் சில நிமிடங்களில் மீட்டுவிடலாம். இதனாலேயே, எண்ணைத் தனிப் பெட்டகத்தில் மறையீடு செய்து வைத்து, பிற இடங்களில் அதற்கு ஈடான குறிப்பு எண்ணை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று ஆணையம் 2017 சூலையில் அறிவுறுத்தியது.

பீடி சுற்றும் விரல்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள் தமிழ்நாட்டின் பீடித் தொழில் மையங்கள். மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், வீரவநல்லூர், ஆலங்குளம் முதலிய ஊர்களில் பெரும்பாலும் பெண்களே வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகின்றனர். இலையைக் கத்தரித்து, புகையிலைத் தூளை வைத்து உருட்டி, முனையை மடித்து, நூல் கட்டும் வேலை முழுவதும் விரல் நுனிகளிலேயே நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வேலையைச் செய்பவர்களின் விரல்களில் ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. பத்தமடையில் கோரைப் பாய் முடைவோர், செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்வோர் ஆகியோர்க்கும் இந்நிலை உண்டு. முதுமை இதனை மேலும் கூட்டும்.

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2017 ஏப்ரல் முதல் கியூஆர் குறியீடு கொண்ட மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. அவ்வட்டையை வருடினால் பொருள் கிடைத்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது விரல்ரேகைப் பதிவும் உடன் வந்தது. ரேகை பொருந்தாதபோது பதிவு செய்த செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அட்டையை வருடுதல் ஆகிய மாற்று வழிகள் தரப்பட்டன. பின்னர் கருவிழிக் கருவிகளும் சேர்க்கப்பட்டன. நடமாட இயலாதவர் தமக்காகப் பொருள் வாங்க வேறொருவரை அங்கீகரிக்கும் படிவமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டு தரப்படுகிறது. தமிழ்நாட்டில் பொது விநியோகம் அனைவருக்கும் உரியதாக இருப்பதும், மாற்று வழிகள் எழுத்தில் இருப்பதும் வட மாநிலங்களில் நேர்ந்த கொடுமைகள் இங்கு நேராமைக்கு முக்கிய காரணங்கள் எனலாம். 2017 இல் சார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாருடன் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்ட வீட்டில் 11 அகவைச் சிறுமி இறந்தது நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. பட்டினியே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். நோயே காரணம் என்றது அரசு.

இப்பகுதிக்கு இன்னும் கடினமானது வாழ்நாள் சான்று. பீடித் தொழிலாளர்கள் வருங்கால வைப்பு நிதியின் 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் அடங்குவர். 2014 செப்டம்பரில் இதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். 2014 நவம்பரில் தொடங்கிய 'சீவன் பிரமாண்' முறையில் இதற்கு விரல்ரேகையோ கருவிழியோ தேவைப்பட்டது. நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியதற்காகக் கிடைக்கும் தொகையை, அப்பீடி தேய்த்துவிட்ட விரலால் ஆண்டுதோறும் நிறுவ வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் முகம் வழிச் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது. திறன்பேசி உள்ளவர் துணைக்கு இருந்தால் இது விரலைவிட எளிது. ஆனால் விரல் போன்றே முகமும் ஒருமுறை களவு போனால் மாற்ற இயலாதது.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் அளித்த விளக்கத்தின்படி, அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பின் வெற்றி 88 விழுக்காடு. வங்கிகளிலும் தொலைதொடர்பிலும் இது இன்னும் கூடுதலாக இருந்தது. வங்கிக்குச் செல்பவரின் விரலும் நியாயவிலைக் கடைக்குச் செல்பவரின் விரலும் செய்யும் வேலை வேறு என்பதை மனத்தில் கொண்டு இவ்வேறுபாட்டைப் படிக்க வேண்டும்.

பெயரும் முகவரியும்

உயிரியளவைக்கு முன்பே தடுக்கி விழச் செய்வது பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். முதற்பெயர், கடைப்பெயர் என்று இரு கட்டங்களைக் கேட்கும் படிவத்தில் ஒருவர் முன்னெழுத்தை விரித்து எழுதுவார். மற்றொருவர் எழுத்தாகவே விடுவார். வேறொருவர் தந்தையின் பெயரைக் கடைப்பெயர் ஆக்குவார். வருமான வரி அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே ஆள் மூன்று பெயருடன் இருப்பது அரிதன்று.

ஒலிபெயர்ப்பு இதனைப் பெருக்குகிறது. இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் தொடங்குவோரும் உண்டு, 'ஈ' எழுத்தில் தொடங்குவோரும் உண்டு. சுடலைமுத்து ஒரு பதிவேட்டில் ஒரு சொல், இன்னொன்றில் இரு சொல். ஆங்கிலத்தில் தட்டச்சிய பெயரைக் கணினி தானே தமிழாக்கும்போது குறில் நெடிலும், லகர ளகர ழகரமும் இடம் மாறிவிடுகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். நெகிழ்வாக ஒப்பிடும் நிரலோ ஒரே ஊரிலுள்ள இரண்டு இசக்கியம்மாள்களை ஒருவராக்கிவிடக்கூடும். ஒரே குலதெய்வத்தின் பெயரை ஊரில் பாதிப் பேர் தாங்கியிருக்கும் பகுதியில் இது வெறும் கற்பனை அன்று.

முகவரியும் நிலையானதன்று. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் முழுவதும் திருநெல்வேலி மாவட்டமாக இருந்தது. 1986 இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. மாவட்டம் மாறியபோது அஞ்சல் குறியீட்டு எண் மாறவில்லை. வீட்டை விட்டு நகராதவரின் அட்டையிலும் முகவரி பழையதாகிவிட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கோ நேர்மாறு. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929 இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்ட அத்தோட்டத்தைக் குத்தகை முடியும் முன்பே 2024 இல் மூட நிறுவனம் முற்பட்டது. தோட்டக் குடியிருப்பையே தலைமுறைகளாக முகவரியாகக் கொண்டிருந்தவர்களுக்கு, வேலையுடன் முகவரியும் கேள்விக்குள்ளானது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் (காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ.) தாமிரபரணி கரை கடந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டு நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கப்பட்டது. வெள்ளத்தில் காகித ஆவணங்கள் அழியும்போது, கணினியில் இருக்கும் பதிவே ஒருவருடைய உரிமைக்கு எஞ்சும் சான்று. மையப்படுத்திய தரவுத்தளத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களோடு இதையும் சேர்த்து எடைபோட வேண்டும். டிஜிலாக்கர் (2015), தமிழ்நாட்டு அரசின் இ-பெட்டகம் ஆகியவை இத்தேவைக்காக ஏற்பட்டவை.

நிலப் பதிவேடு: பொது ஆவணமும் தனி விபரமும்

நில உடைமை மரபாகவே ஊரறிந்த செய்தி. யாருடைய வயல் எது என்பது தெரிந்தால்தான் வாங்குபவர் ஏமாறமாட்டார். தமிழ்நாட்டில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவற்றைக் கொடுத்து பட்டா விபரங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். உரிமையாளரின் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும், நஞ்சை, புஞ்சைப் பரப்பும் அதில் இருக்கும். பதிவுத்துறை 2018 பிப்ரவரியில் தொடங்கிய 'ஸ்டார் 2.0' வழியே வில்லங்கச் சான்றையும் பார்க்கலாம்; விற்றவர், வாங்கியவர், தொகை ஆகியவை அதில் தெரியும். சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் நெல்லைக்காரர் தம் வயல் தம் பெயரிலேயே இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடிவது, ஆள்மாறாட்டப் பத்திரங்களுக்கு எதிராக அவருக்குக் கிடைத்த பெரிய காப்பு.

ஆனால் தாலுகா அலுவலகம் சென்று, மனு எழுதி, பணம் கட்டி ஒரு நகல் வாங்குவதும், ஆயிரம் நகல்களை ஓர் இரவில் நிரல் எழுதித் திரட்டுவதும் ஒன்றல்ல. காகிதத்தில் இருந்தபோது தூரமும் சலிப்புமே காவலாக இருந்தன. இணையம் அக்காவலை நீக்கிவிட்டது. பட எழுத்துப் புதிர், கடவுச்சொல் போன்ற தடைகள் இதனை ஓரளவு மீட்கும் முயற்சிகள்.

இதன் அபாயம் 2018 இல் தெலுங்கானாவில் வெளிப்பட்டது. அங்கே செல்பேசி இணைப்பு விற்கும் ஒருவர், பதிவுத்துறை இணையத்தளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து கைரேகைப் படங்களை எடுத்து, இரப்பர் முத்திரை செய்யும் முறையில் போலி ரேகைகள் உருவாக்கி, பிறர் பெயரில் இணைப்புகளை இயக்கினார். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவென்று பத்திரத்தில் ஒட்டிய ரேகையே ஆள்மாறாட்டத்துக்குக் கருவியானது. ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையிலும் இத்தகைய மோசடிகள் பின்னர் பல மாநிலங்களில் பதிவாயின. விரல் உயிருள்ளதா என்று ஆராயும் கூடுதல் சோதனையை ஆணையம் 2023 இல் நடைமுறைப்படுத்தியது.

இடையில் இருப்பவர்

சட்டங்களும் வரைபடங்களும் குடிமகனையும் அரசையும் மட்டுமே காட்டுகின்றன. நடைமுறையில் இருவருக்கும் இடையே இ-சேவை மையத்தில் கணினிக்கு முன் அமர்ந்திருப்பவர் இருக்கிறார். அரசு கேபிள் தொலைக்காட்சி நிறுவனம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலியன இம்மையங்களை நடத்துகின்றன. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்பவர் முதலில் குடிமக்கள் கணக்கு எண் ஒன்றைப் பெற வேண்டும். செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லே அதற்குச் சாவி.

இம்முறை ஒவ்வொருவருக்கும் தமக்கென்று ஒரு செல்பேசி உண்டு என்று எண்ணி வகுக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு செல்பேசி இருந்து, அதுவும் மகனோடு வேலைக்குச் சென்றுவிட்டால், கடவுச்சொல் வந்து சேருமிடம் வேறு. மைய ஊழியர் தம் எண்ணையே பதிந்துவிட்டால் வேலை விரைவாக முடியும். அன்று முதல் அக்கணக்கின் சாவி அவரிடம். சரிபார்க்கப்படுவது ஆள் அல்ல, செல்பேசியே என்பதைப் பயனர் பலர் அறிவதில்லை. மையத்தில் விடப்படும் ஆதார் ஒளிநகல்களின் கதியும் இத்தகையதே. 2022 மே மாதம், ஒளிநகலைப் பிறரிடம் கொடுக்க வேண்டாம் என்று ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் விடுத்த எச்சரிக்கை, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி இரண்டு நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. உண்மையில் எச்சரிக்கையில் பிழை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

தரவுகளை இணைத்தலும் கசிதலும்

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேல், 5 ஏக்கருக்கு மேல் நஞ்சை அல்லது 10 ஏக்கருக்கு மேல் புஞ்சை, ஆண்டுக்கு 3,600 அலகுக்கு மேல் மின்நுகர்வு, நான்கு சக்கர வண்டி ஆகியவை தகுதியின்மைகளாக வகுக்கப்பட்டன. இவற்றைச் சரிபார்க்க நிலப் பதிவேடும் மின்வாரியக் கணக்கும் வண்டிப் பதிவும் ஓரிடத்தில் பொருத்தப்பட வேண்டும். வசதியுள்ளவரை விலக்குவது நியாயமே. ஆயினும் மின்கட்டணத்துக்கெனக் கொடுத்த விபரம் வேறொரு தகுதியை முடிவு செய்யப் பயன்படுவது, தனியுரிமை அறிஞர்கள் நோக்க வரம்பு என்று குறிப்பிடும் நெறியைத் தொடுகிறது. மறுக்கப்பட்டவர்க்குக் காரணம் குறுஞ்செய்தியில் அனுப்பப்பட்டதும், 30 நாட்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி தரப்பட்டதும் பாராட்டத்தக்கன. 2022 நவம்பரில் தொடங்கிய மின்இணைப்பு–ஆதார் இணைப்பின்போது, வாடகைக்குக் குடியிருப்போர் தம் எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று வீட்டு உரிமையாளர்கள் அஞ்சியது, இணைப்பின் நோக்கம் முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படாததன் விளைவு.

கசிவுகளும் நேர்ந்துள்ளன. அரசு இணையத்தளங்கள் நான்கில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளிப்படையாகக் கிடந்ததாக 2017 மே மாதம் பெங்களூரைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூக மையம் அறிக்கை வெளியிட்டது. சமூகத் தணிக்கைக்காகப் பயனாளர் பட்டியலை வெளியிட்ட துறைகள் எண்ணையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டன. 2021 இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளர்கள் சுமார் 50 இலட்சம் பேரின் விபரங்கள் இணையக் கள்ளச் சந்தையொன்றில் காணப்பட்டதாகப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தெரிவித்தது.

சட்ட நிலை

ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012 இல் தொடுத்த வழக்கில் இரு முக்கியத் தீர்ப்புகள் வந்தன. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐவர் அமர்வு நால்வர் பெரும்பான்மையில் 2016 ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தை நிலைநிறுத்தியது. அரசு மானியங்களுக்கு ஆதாரைக் கோரலாம் என்றும், வங்கிக் கணக்குக்கும் செல்பேசி இணைப்புக்கும் கட்டாயப்படுத்தலாகாது என்றும், சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும் கூறியது. நீதிபதி டி. ஒய். சந்திரசூட் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் வங்கியிலும் தொலைதொடர்பிலும் விருப்பத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்தது. 2025 சனவரி மாத விதிகள் தனியார் நிறுவனங்களும் அனுமதி கோரும் வழியை மேலும் அகலமாக்கின.

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. மானியம், சான்றிதழ், உரிமம் வழங்குவதற்காக அரசு தரவைக் கையாளத் தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று இச்சட்டம் கூறுகிறது. அதாவது இக்கட்டுரை பேசும் சேவைகளில் பெரும்பாலானவற்றில் குடிமக்களின் ஒப்புதல் அளவுகோல் அன்று. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவையும் மாற்றியது. தனிநபர் விபரம் என்ற பெயரில் ஊழல் பற்றிய தகவலும் மறுக்கப்படலாம் என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் எதிர்க்கின்றனர்.

குறைவாகக் கேட்கும் வழிகள்

எண்ணைக் கொடுக்காமலே சரிபார்க்கும் ஏற்பாடுகள் சில ஆதாரிலேயே உள்ளன. 2018 இல் அறிமுகமான 16 இலக்க மெய்நிகர் எண்ணை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட அட்டையைப் பதிவிறக்கலாம். உயிரியளவைப் பூட்டி வைக்கலாம். தம் எண் எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் பார்க்கலாம். ஆணையத்தின் மின்னொப்பம் கொண்ட கோப்பையோ கியூஆர் குறியீட்டையோ வைத்து, மைய வழங்கியைத் தொடர்பு கொள்ளாமலே விபரங்களின் உண்மையை அறியலாம். இதில் ஒருவர் எங்கே எப்போது அடையாளம் காட்டினார் என்பது மையத்துக்குத் தெரியவே தெரியாது. தமிழ்நாட்டு இ-சேவைச் சான்றிதழ்களும் மின்னொப்பத்துடன் வருவதால், வாங்கும் அலுவலகம் சான்றிதழைச் சரிபார்த்தால் போதும்.

இவ்வசதிகள் இருப்பது வேறு, புழங்குவது வேறு. மறைக்கப்பட்ட அட்டையை நீட்டினால் 'முழு எண் வேண்டும்' என்று கேட்கும் அலுவலகங்களே மிகுதி. பெரும்பாலான படிவங்கள் இன்னும் 12 கட்டங்களோடுதான் அச்சாகின்றன.

பிற நாடுகளில்

எசுத்தோனியாவில் 2002 முதல் சில்லு பொருத்திய அடையாள அட்டை உண்டு. துறைகள் தத்தம் தரவைத் தாமே வைத்துக்கொண்டு, எக்ஸ்-ரோடு என்னும் வலையமைப்பு வழியே தேவையானதை மட்டும் பரிமாறுகின்றன. தம் விபரத்தை எந்த அலுவலர் பார்த்தார் என்று குடிமக்கள் இணையத்தில் காணலாம். 2017 இல் அட்டைச் சில்லில் குறை கண்டறியப்பட்டு ஏறத்தாழ 7.5 இலட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டபோதும், சாவிகளைப் புதுப்பித்து மீள முடிந்தது. சில்லின் சாவியை மாற்றலாம், விரலை மாற்ற இயலாது என்ற வேறுபாடு இங்கே கவனிக்கத்தக்கது. பிரித்தானியா 2006 இல் இயற்றிய அடையாள அட்டைச் சட்டத்தை 2010 இல் நீக்கி, தேசியப் பதிவேட்டை அடுத்த ஆண்டு அழித்தது.

தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் சிங்பாஸ் என்னும் உள்நுழைவு முறை 2003 முதல் இயங்குகிறது. தனியார் நிறுவனங்கள் தேவையின்றி அடையாள எண்ணைக் கேட்பது 2019 செப்டம்பர் முதல் தடை செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு ஆணையத்தின் புதிய தளத்தில் எவருடைய முழு அடையாள எண்ணையும் தேடி எடுக்க முடிந்தது பெரும் சர்ச்சையாயிற்று. எண்ணை மறைபொருளாகக் கருதிக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதே தவறு என்பது அரசின் நிலைப்பாடு. ஆனால் அதுவரை பல நிறுவனங்கள் அவ்வாறே பயன்படுத்தி வந்தன. ஆவணங்களைத் திறக்க அடையாள எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்த அந்நிறுவனங்கள் அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு பின்னர் அறிவுறுத்தப்பட்டன.